தூக்குவாளியில் கிடந்த பெயர்

செவக்காட்டூர் மினிபஸ்ஸில் பதினெட்டு வருஷம் கண்டக்டராக இருந்த சொரிமுத்து, ஒரு பங்குனி மாதத்துக் காலையில் பூச்சிக்காட்டு ஸ்டாப்பைக் கூவிக்கொண்டிருந்தபோதே வாய் ஒரு பக்கம் கோணி, வலது கை துவண்டு, படிக்கட்டில் சரிந்து விழுந்தார். விழுந்தவருடைய வாயிலிருந்து அவருடைய வார்த்தைகள் எல்லாம் ஒவ்வொன்றாகப் பஸ்ஸை விட்டு இறங்கி, அவசரப்படாமல், இடிபடாமல், தங்களுக்குத் தோதான இடம் எதுவோ அதைத் தேடிப் போய்ச் சேர்ந்தன. பஸ்ஸில் இருந்த முப்பத்தேழு பேரும் அதைப் பார்த்தார்கள். ஆனால் மனுஷன் கிடக்கிற கிடையில் வார்த்தை போகிற வழியை யார் கவனிப்பது? டிரைவர் வண்டியை எங்கேயும் நிறுத்தாமல் நேரே ஜில்லா பெரியாஸ்பத்திரிக்கு விட்டார், அதனால்தான் சொரிமுத்து உயிர் பிழைத்தார் என்று டாக்டர்கள் சொன்னார்கள்.

மூன்று வாரம் கழித்து வீட்டுக்குக் கொண்டுவந்து இரும்புக் கட்டிலில் கிடத்தியபோது, கால் கொஞ்சம் இழுத்து இழுத்து நடக்க வந்திருந்தது, வலது கை மடியில் கிடந்தது, பேச்சு மட்டும் இல்லை. அவர் மனைவி முப்பிடாதி பீடி சுற்றுகிறவள். பிள்ளைகள் இல்லை. பீடி இலையும் தூளும் வைத்த சுளகை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அவள் இலை வெட்டினாள், தூள் போட்டாள், சுற்றினாள், நூல் கட்டினாள். இடையிடையே நிமிர்ந்து அவர் வாயைப் பார்த்தாள். அவர் வாயைத் திறப்பார், தொண்டை ஏறி இறங்கும், காற்று மட்டும் வரும்.

முதலில் வந்து சொன்னது பலசரக்குக் கடை வேலாயுதம் அண்ணாச்சிதான். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கல்யாணச் சேதி சொல்ல வந்தவர்போல ஓரமாக நின்றார்.

"மைனி, ஒண்ணு சொல்லுதேன், தப்பா நெனைக்காதிய. அண்ணனோட வார்த்தை ஒண்ணு எங்க கடை உப்பு மூட்டையில கெடக்கு. மூட்டைய அவுத்தா, அவரு கொரல்லயே 'உப்பு'ங்குது. நாலு நாளாக் கேட்டுப் பாத்துட்டுத்தான் வந்தேன்."

முப்பிடாதி போய்க் கேட்டாள். மூட்டை வாயைப் பிரித்ததும் உள்ளேயிருந்து அவர் குரல், கொஞ்சம் கரகரப்பாக, காலையில் பல் தேய்க்கிற நேரத்துக் குரலாக, "உப்பு" என்றது. அவள் மூட்டையைக் கட்டி, அவிழ்த்து, மறுபடியும் கேட்டாள். பிறகு கால் கிலோ உப்பு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். வாங்கிய உப்பில் சத்தம் இல்லை.

அதற்குப் பிறகு ஊரில் ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பித்தார்கள். தெருக்குழாயைத் திறந்தால் 'தண்ணி' என்றது. பள்ளிக்கூடத்து ஓட்டுக்கூரையில் 'மழை' உட்கார்ந்திருந்தது. ஐயம்பெருமாள் சலூன் கண்ணாடியில் 'அழகு' போய் ஒட்டிக்கொண்டதில் அவன் கடைக்குக் கூட்டம் அதிகமாகி, பக்கத்துத் தெரு சலூன்காரன் இரண்டு மாதம் அவனோடு பேசவில்லை. 'நாளைக்கு' என்ற வார்த்தை கிராம நிர்வாக அலுவலர் மேஜையின் இழுப்பறைக்குள் இருந்தது. அது யார் குரல் என்று அங்கே வெகுநாள் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. சொரிமுத்து கோபத்தில் சொல்லுகிற கெட்ட வார்த்தை ஒன்று அம்மன் கோயில் மதில் பொந்தில் போய்ச் சுருண்டிருந்ததால், பூசாரி ஒரு செங்கல்லை வைத்து அதை அடைத்தார். செவ்வாயும் வெள்ளியும் மட்டும் செங்கல்லுக்கு மேல் சந்தனமும் பூசினார்.

ஊர் அதைப் பழகிக்கொண்டது. கடையில் உப்பு கேட்கிறவர்கள் முதலில் ஒரு கனைப்புக் கனைத்துக்கொண்டார்கள், கட்டிலில் கிடக்கிற மனுஷனைத் திடுக்கிட வைக்கக் கூடாதே என்று. பக்கத்து வாழைத்தோப்பு ஊரில் ஒரு இளம்பெண், அவள் வீட்டுத் தொட்டில் கம்பில் 'அழாத' என்ற வார்த்தை வந்து தங்கியதை ஐந்து மாதம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள். பிள்ளை அழுதால் அதுவே சமாதானம் சொல்லியது, தாய் தூங்கினாள். பிறகு ஒருநாள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, முப்பிடாதியின் காலடியில் உட்கார்ந்து, "சித்தி, நான் திருடிட்டேன்" என்று அழுதாள். "இருந்துட்டுப் போகட்டும்ட்டி, பிள்ளை வளரட்டும்" என்று முப்பிடாதி சொன்னாள்.

ஒன்று மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால், பஸ் போர்டைப் படிக்கத் தெரியாத கிழவிகள் ஸ்டாப்பைத் தவறவிட்டுவிட்டு அழுகிறார்கள் என்று, அவராகவே கட்டிய பாட்டு அது.

புளியமுக்கு, பொட்டல், பூச்சிக்காடு,
வாழைத்தோப்பு, வடக்கூர், வாய்க்கா மேடு,
சந்தை, சாவடி, சங்கன் திரடு,
சானல் தாண்டி சர்க்கார் ரோடு.

இந்தப் பாட்டைக் கேட்டுத்தான் ஊர் இறங்கியது. 'வடக்கூர்' வந்ததும் வாய்க்கா மேட்டுக்காரர்கள் மூட்டையைக் கையில் எடுப்பார்கள். கண் தெரியாதவர்களும் அரைத் தூக்கத்தில் இருக்கிறவர்களும் அடுத்த அடி எது என்று உடம்பாலேயே அறிந்திருந்தார்கள். வீட்டுக்கு வந்த பத்தாம் நாள், தண்ணீர் தாகம் எடுத்து, கேட்க வார்த்தை இல்லாமல், அவர் அந்தப் பாட்டை முதல் ஸ்டாப்பிலிருந்து கடைசி ஸ்டாப்வரை ஒரு எழுத்துப் பிசகாமல் பாடினார். பாடிவிட்டுத் தானே பயந்துபோய் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். பசித்தாலும் அதே பாட்டு, வயிறு வலித்தாலும் அதே பாட்டு. முப்பிடாதிக்கு அதைக் கேட்கக் கேட்க, யாரோ உள்ளே மாட்டிக்கொண்டு கதவைத் தட்டுவதுபோல இருந்தது.

பெரியாஸ்பத்திரியில் செவ்வாய்க்கிழமைகளில் பேச்சுப் பயிற்சி கொடுக்க வருகிறவள் பெயர் செய்யதலி பாத்திமா. முப்பிடாதி அவளை "டாக்டரம்மா" என்று கூப்பிட்டபோது, "நான் டாக்டர் இல்லம்மா, பேச்சுப் பயிற்சிக்குப் படிச்சவ. பாத்திமான்னே கூப்பிடுங்க" என்றாள். அவள் முதலில் முப்பிடாதியிடம் ஒன்றும் கேட்கவில்லை. சொரிமுத்துவுக்கு நேரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, படங்கள் வரைந்த அட்டைகளை அவர் முன்னால் பரப்பினாள்.

"அண்ணே, ஒங்களுக்கு மொதல்ல எந்த வார்த்தை வேணும்? நீங்களே காட்டுங்க."

அவர் வெகுநேரம் அட்டைகளைப் பார்த்தார். இடது கையால் குடத்துப் படத்தைத் தொட்டார்.

பாட்டு மட்டும் எப்படி வருகிறது என்று முப்பிடாதி கேட்டாள். "பேச்சு போற பாதை வேற, பாட்டு போற பாதை வேறம்மா. பேச்சு போற பாதை அடைச்சுக்கிட்டுது. தாளம் போட்டு, ராகம் இழுத்து, பாட்டுப் பாதை வழியா வார்த்தையக் கூட்டிட்டு வர முடியுதான்னு பாப்போம். இவருக்கு ஏற்கெனவே பழகுன தாளம் ஒண்ணு இருக்கு, அது நல்லது."

"எல்லாம் வந்துருமா?"

"எல்லாம் வரும்னு நான் சொல்ல மாட்டேன்."

"எம்புட்டு வரும்?"

"தெரியாதும்மா. மூணு மாசம் செய்வோம், நோட்டுல எழுதி வைப்போம். வரலன்னா வேற மாதிரி மாத்திப் பாப்போம். எங்கிட்டச் சரியில்லன்னு ஒங்களுக்குத் தோணுச்சுன்னா, இந்த நோட்டை எடுத்துட்டு வேற ஆஸ்பத்திரியிலயும் காட்டலாம், நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். பிரஷர் மாத்திரைய மட்டும் ஒரு நாளும் விட்டுராதீங்க."

தெரியாது என்கிற அந்த வார்த்தை முப்பிடாதிக்குப் பிடிக்கவில்லை. பஸ்ஸில் வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அது அவள் மடியில் கல்லாகக் கனத்தது. இத்தனை படித்தவளுக்குத் தெரியாது என்றால் அப்புறம் யாருக்குத் தெரியும்?

ஆனாலும் சொன்னதைச் செய்தார்கள். தினமும் காலையில் அவரைத் தெருக்குழாயடிக்கு நடத்திக் கூட்டிப் போய், குழாயைத் திறந்து, அவருடைய இடது கையைப் பிடித்து அவர் தொடையிலேயே தட்டி, முதலில் வாய் மூடி ராகம் மட்டும், பிறகு ராகத்தோடு எழுத்து, "தண்... ணி, தண்... ணி" என்று முப்பிடாதியும் குழாயும் சேர்ந்து சொன்னார்கள். குடத்தோடு நிற்கிற பெண்கள் முதல் வாரம் வெட்கப்பட்டுத் திரும்பி நின்றார்கள், இரண்டாம் வாரம் அவர்களும் தொடையில் தட்டினார்கள். இருபத்துமூன்றாம் நாள் அவர் பாட்டாகச் சொன்னார், இருபத்தாறாம் நாள் பேச்சாகவே சொன்னார். அன்றைக்கு அந்தக் குழாயிலிருந்து வெறும் தண்ணீர் வந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். என்றாலும், சாயங்காலம் குழாய் திறக்கும்போது குரல் வராதது அவர்களுக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

இப்படி ஒரு வார்த்தையாக, ஒரு வார்த்தையாக, எட்டு மாதத்தில் முப்பத்தொரு வார்த்தைகள் வந்தன. உப்பு வந்தது, சோறு வந்தது, வலி வந்தது. வராமல் போனவற்றையும் பாத்திமா நோட்டில் எழுதி அவளுக்குக் காட்டினாள். ஒரு மனுஷன் வாயில் எத்தனை ஆயிரம் வார்த்தை இருக்கும் என்று முப்பிடாதி பீடிக்கட்டை வைத்துக்கொண்டு யோசித்துப் பார்த்துவிட்டு, யோசிப்பதை விட்டுவிட்டாள். அவளுக்கு எல்லாம் வேண்டாம். அவருக்கு இருபத்திரண்டு வருஷமாக அவள் பெயர் வாயில் இருந்தது. அது எங்கே போய்க் கிடக்கிறது என்று ஊரில் யாருக்கும் தெரியவில்லை. அவள் வெட்கத்தை விட்டு ஒவ்வொரு வீட்டிலும் கேட்டாள். குளத்தில் கேட்டாள், ஷெட்டில் நின்ற பழைய பஸ்ஸில் ஏறி ஒவ்வொரு சீட்டுக்குக் கீழேயும் காது கொடுத்தாள்.

அது வீட்டிலேயே இருந்தது. பொங்கலுக்குப் பரண் துடைக்கிற அன்று, அவர் விழுந்த நாளில் டிரைவர் கொண்டுவந்து கொடுத்ததிலிருந்து திறக்காமல் கிடந்த, வேலைக்குக் கொண்டுபோகிற எவர்சில்வர் தூக்குவாளி அவள் கையில் பட்டது. மூடியைத் திருகினாள்.

"முப்பிடாஆதி."

மத்தியானச் சோற்றை அந்த வாளியில் வாங்கிக்கொள்ள பஸ் தெருமுனையில் நிற்கிற ஐந்து நிமிஷத்தில், படியில் தொங்கிக்கொண்டே அவர் கூப்பிடுகிற கூப்பாடு அது. 'முப்', 'பி' இரண்டையும் வேகமாகத் தட்டி, 'டா'வை இழுத்து, 'தி'யைச் சட்டென்று போட்டுவிடுகிற கூப்பாடு. தெருவே கேட்கும், அவளுக்கு வெட்கமாக இருக்கும். அவள் மூடியை மூடிவிட்டு, முகத்தைத் துடைத்துவிட்டு, இன்னொரு தடவை திறந்தாள். அதற்குப் பிறகு தினம் மத்தியானம் அவர் தூங்கும்போது அடுப்படிக்குள் போய் ஒரே ஒரு தடவை திறந்து கேட்டாள். யாரிடமும் சொல்லவில்லை, அவரிடமும் சொல்லவில்லை.

பாத்திமாவிடம் மட்டும் சொன்னாள். பாத்திமா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "பேருதாம்மா எல்லாத்தவிடக் கஷ்டம். இப்ப கொண்டுபோய் நீட்டி, வரலன்னா அவரு ஒடைஞ்சு போவாரு. இன்னும் கொஞ்சம் வார்த்தை சேரட்டும். வாளி ஒங்க வீட்லயே இருக்கட்டும். அவசரப்படாதீங்க."

"அதுக்கப்புறம் கண்டிப்பா வருமா?"

பாத்திமா அவள் கையை விடவில்லை. "தெரியாதும்மா" என்றாள்.

குழாயடியில் வேலம்மா சொன்னாள், பக்கத்து டவுனில் மாடியில் ஒரு ஞாபக வைத்தியர் இருக்கிறாராம், ஞானக்கொழுந்து என்று பெயராம், போன பேச்சை நாற்பத்தொரு நாளில் திருப்பிக் கொடுத்துவிடுகிறாராம், அவள் சின்னம்மா மகனுக்குத் தெரிந்த ஒருத்தருக்கு அப்படி வந்துவிட்டதாம். அப்படிப் பேச்சு வந்தவரை வேலம்மா பார்த்திருக்கிறாளா என்று முப்பிடாதி கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று பிற்பாடு ஆயிரம் தடவை நினைத்தாள்.

வைத்தியருடைய அறையில் மாலை போட்டுக்கொண்டு நிற்கிறவர்களின் படங்கள் சுவர் முழுக்க இருந்தன. அவர் சொரிமுத்துவிடம் ஒன்றும் கேட்கவில்லை, நாடிகூடப் பிடிக்கவில்லை. ஆஸ்பத்திரி நோட்டை முப்பிடாதி நீட்டியபோது வாங்காமலே சிரித்தார்.

"எட்டு மாசத்துல முப்பத்தொண்ணா? தாயி, இந்தக் கணக்குல போனா இவரு பேசி முடிக்கதுக்குள்ள நீ கெழவியாயிருவ. நாப்பத்தோரு நாள். ஒரு வார்த்தை பாக்கியில்லாம வரும், நான் எழுதித் தாரேன். ஆனா அங்க போறத நிறுத்தணும், அந்த மாத்திரை எல்லாத்தையும் நிறுத்தணும். அதுதான் நாக்கைக் கட்டிப் போடுது. ஆசையான வார்த்தை எது? அதக் கொண்டா, அதப் பிடிச்சு மத்தத இழுத்துருவேன்."

எட்டு மாதமாகத் தெரியாது, தெரியாது என்று கேட்டு வறண்டு கிடந்த காதில் அந்த 'வரும்' என்ற சொல் பால் வார்த்ததுபோல இறங்கியது. மறுநாள் தூக்குவாளியைத் துண்டில் சுற்றி, பிள்ளையைத் தூக்குவதுபோல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சொரிமுத்துவையும் கூட்டிக்கொண்டு போனாள். அவளை மட்டும் வெளியே இருக்கச் சொல்லிக் கதவைச் சாத்தினார்கள். கதவுக்கு இந்தப் பக்கம் எண்ணெய் காய்கிற வாசனை வந்தது. உள்ளே மூடி திருகுகிற சத்தம் கேட்டது. "முப்பிடாஆ" என்று பாதி கேட்டது. எண்ணெய் சுள்ளென்று பொரிகிற சத்தம் கேட்டது. அந்த எண்ணெயை ஆற்றி சொரிமுத்துவின் வாயில் ஊற்றினார்கள். வீட்டுக்கு வருகிற வழியில் சானல் பாலத்தில் அவர் அவ்வளவையும் வாந்தி எடுத்தார்.

வார்த்தை வயிற்றில் இறங்கியிருக்கிறது, ஏறி வரும் என்றார் வைத்தியர். மாத்திரையையும் ஆஸ்பத்திரியையும் நிறுத்திவிட்டு அவள் காத்திருந்தாள். தூக்குவாளியைத் திறந்தால் நல்லெண்ணெய் வாசனை மட்டும் வந்தது. இருபதாம் நாள் சொரிமுத்துவுக்குத் தலை கனத்து, கண் சிவந்து, வந்திருந்த முப்பத்தொரு வார்த்தைகளில் நாலைந்து தடுமாற ஆரம்பித்தன. நாற்பத்தொன்றாம் நாள் வைத்தியர், "இன்னொரு வார்த்தை கொண்டா, இது வலு பத்தல" என்றார். முப்பிடாதி அந்த நாற்காலியிலிருந்து எழுந்தாள். சுவரில் மாலை போட்டு நிற்கிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். எல்லாரும் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். அதை அவள் அன்றைக்குத்தான் கவனித்தாள்.

செவ்வாய்க்கிழமை பாத்திமாவிடம் நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டு, அவள் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தாள். வசவு விழும் என்று எதிர்பார்த்தாள். பாத்திமா கேட்ட முதல் கேள்வி, "மாத்திரையை நிறுத்தி எத்தனை நாளாச்சு?" என்பதுதான். உடனே அவரைப் பெரிய டாக்டரிடம் கூட்டிப்போய்ப் பிரஷர் பார்த்து, மாத்திரையை மறுபடி ஆரம்பித்து, எல்லாம் முடிந்த பிறகுதான் நோட்டைப் பிரித்தாள்.

"எம் பேரு திரும்பக் கெடைக்குமா?" என்று முப்பிடாதி கேட்டாள்.

"கெடைக்காதும்மா."

இந்தத் தடவை அவள் தெரியாது என்று சொல்லவில்லை. முப்பிடாதிக்கு அப்போதுதான் அந்தத் 'தெரியாது'வின் அருமை தெரிந்தது. அதற்குள்ளே ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு இடம் இருந்தது.

"அவருகிட்டச் சொல்லணும்மா" என்றாள் பாத்திமா. "அது அவரோட வார்த்தை. இல்லாத ஒண்ணை அவரு தேடிக்கிட்டே இருக்கக் கூடாது."

அன்று சாயங்காலம் சோற்றைப் பிசைந்து தட்டில் வைத்துவிட்டு, அவள் சொன்னாள். தூக்குவாளியில் இருந்ததைச் சொன்னாள், தினம் ஒளித்து ஒளித்துக் கேட்டதைச் சொன்னாள், துண்டில் சுற்றிக் கொண்டுபோனதைச் சொன்னாள், எண்ணெய் பொரிந்ததைச் சொன்னாள். "நான்தான் கொடுத்தேன். என் கையாலதான் கொடுத்தேன்" என்றாள். அவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இடது கையால் தட்டைத் தள்ளிவிட்டார். சோறு தரையெல்லாம் சிதறியது. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மூன்று நாள் அவர் அவள் கையால் கஞ்சி மட்டும் குடித்தார். முகம் பார்க்கவில்லை. ஸ்டாப் பாட்டையும் பாடவில்லை. ஊருக்கும் சேதி பரவிவிட்டிருந்தது. வேலம்மா வாசல்வரை வந்து, உள்ளே வரத் துணியாமல், ஒரு கூறு கீரையை வைத்துவிட்டுப் போனாள். தன் பாட்டனாரின் வார்த்தையையும் அதே மாடியில் கொடுத்துத் தொலைத்ததாக ஐயம்பெருமாள் அன்றைக்குத்தான் வாய் திறந்தான். பத்து வருஷமாக வெட்கத்தில் சொல்லவில்லையாம். வேலாயுதம் அண்ணாச்சி நாலு பேரைக் கூட்டிக்கொண்டு டவுனுக்குப் போனார். மாடி பூட்டிக் கிடந்தது, ஜன்னல் வழியாகப் பார்த்தால் சுவரில் படங்கள் இருந்த இடத்தில் ஆணிகள் மட்டும் இருந்தன.

நாலாம் நாள் மத்தியானம் முப்பிடாதி குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு நின்றிருந்தாள். பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் வீட்டுப்பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. இரும்புக் கட்டில் சட்டத்தில் எவர்சில்வர் டம்ளரை யாரோ தட்டுகிற சத்தம். வேகமாக இரண்டு தட்டு, பிறகு டம்ளரைச் சட்டத்தின்மேல் ஓட்டி நீளமாக ஒரு இழுப்பு, கடைசியில் சட்டென்று ஒரு தட்டு. நின்றது. மறுபடியும் அதே: டக், டக், டாஆ, டக்.

பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். பதினெட்டு வருஷமாக மத்தியானத்தில் அந்தத் தெரு கேட்ட கூப்பாடு. வார்த்தை உரிந்துபோய் அதன் எலும்பு மட்டும் வந்துகொண்டிருந்தது.

"மைனி," என்றாள் வேலம்மா மெதுவாக, "ஒங்களத்தான் கூப்பிடுதாரு."

குடம் நிறைந்து வழிந்து அவள் கால் நனைகிறவரை முப்பிடாதி அசையவில்லை. பிறகு குடத்தை அப்படியே விட்டுவிட்டு நடந்தாள்.

அவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். கண்ணில் கோபம் அப்படியேதான் இருந்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அடுப்படியைக் காட்டி, "சோறு" என்றார். அவள் சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள், அப்பளம் நொறுக்கிப் போட்டாள். அவர் இடது கையால் அள்ளி, நிமிராமல் தின்றார்.

அவள் எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்து, தரையில் விரலால் அந்தத் தாளத்தைத் தட்டிப் பார்த்தாள். இரண்டு தட்டு, ஒரு இழுப்பு, ஒரு தட்டு. அதன்மேல் தன் பெயரைத் தானே வைத்து, வாய்விட்டு, ஒரு தடவை சொன்னாள். சரியாகத்தான் பொருந்தியது. ஆனால் அது அவளுடைய குரலாக இருந்தது. பாத்திரத்திலும் பரணிலும் எங்கேயும் போய் உட்காராமல், சொன்ன இடத்திலேயே முடிந்துபோனது. அவர் தின்பதை நிறுத்தி அவள் விரலைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்துத் தட்டை அவள் பக்கமாக நகர்த்தினார், இன்னும் கொஞ்சம் போடச் சொல்லி.